கணக்குப்பிள்ளை மேசைக்கு வயது என்ன? யாங்கூன் வீடு ஒன்றில் நடந்த மதிப்பீடு

பின்னணி

2019 மார்ச்சில் யாங்கூனில் ஒரு தமிழ்க் குடும்பம் என்னைக் கூப்பிட்டு அனுப்பியது. அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டை விற்று மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொள்வதாக ஏற்பாடு. நகை, பாத்திரம், ரொக்கம் எல்லாம் மனக்கசப்பில்லாமல் பிரித்தாகிவிட்டது. பிரிக்க முடியாமல் நின்றது ஒரே ஒரு மரச்சாமான். சாய்வான மூடி போட்ட ஒரு மேசை. அந்த வீட்டில் அதைப் 'பெட்டியடி' என்றுதான் சொல்வார்கள்.

பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பது என் தொழில். கேட்டால் வயதும் விலையும் சொல்வேன். இந்த மேசையில் நான் ஒரு தவறு செய்து, பிறகு அதைத் திருத்திக்கொண்டேன். அதனால்தான் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

குடும்பத்தார் சொன்ன கதை இது. அவர்களுடைய தாத்தா மொகல் தெருவில், அதாவது இன்றைய ஷ்வே பொன்தா தெருவில், ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டித் தொழில் நடந்த இடத்தில், சமையல் வேலை பார்த்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழத் தொடங்கியதும் முதலாளிமார் ஊருக்குக் கிளம்பினார்கள். பாக்கிச் சம்பளத்துக்கு ஈடாக இந்த மேசையை எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். "செட்டிநாட்டிலிருந்து கப்பலில் வந்த மேசை, வயது நூற்றைம்பதுக்குக் குறையாது" என்று தாத்தா சொன்னதை மூத்த அக்கா அப்படியே திருப்பிச் சொன்னார். கதைக்கு எழுத்தில் எந்தச் சான்றும் இல்லை.

கிட்டங்கியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நாற்காலி கிடையாது. பாய் விரித்துத் தரையில் சம்மணம் போட்டுத்தான் மேலாளும் (கடையை நடத்தும் முகவர்) அடுத்தாளும் (அவருடைய உதவியாளர்) கணக்கு எழுதுவார்கள். முன்னால் ஒரு தாழ்ந்த மேசை இருக்கும். மூடியின் மேல் பேரேட்டை வைத்து எழுதலாம், மூடியைத் தூக்கினால் உள்ளே ரொக்கமும் பத்திரமும். பக்கத்திலேயே உட்கார்ந்து ஏவல் செய்யும் சிறுவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். அந்த வீட்டில் மேசையின் பெயர் அந்தச் சொல்லிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

நான் போவதற்கு முன்பே இரண்டு பேர் விலை பேசியிருந்தார்கள். தெருமுனையில் பழைய சாமான் வாங்குபவர் ஒன்றரை லட்சம் சாட் (மியன்மார் பணம்) என்றார். வெளிநாட்டில் ஆள் வைத்திருப்பதாகச் சொன்ன ஒரு தரகர் 12 லட்சம் தருவதாகச் சொன்னார். ஆனால் விஷயம் தெரிந்த ஒருவர் 'நூற்றைம்பது வருஷத்துச் சாமான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை.

முதல் நாள்

கூடத்து ஜன்னல் பக்கம் வைத்திருந்தார்கள். நாலு கால்களோடு நாற்காலி உயரத்தில் நின்றது. மூடி பளபளவென்று மின்னியது. நல்ல விலை போகட்டும் என்று அக்காவின் மகன் மூன்று மாதத்துக்கு முன்னால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டப்பா வார்னிஷ் இரண்டு கை அடித்திருந்தான். அவன் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் எத்தனையோ வருஷம் கணக்கு எழுதியவர்களின் முழங்கை பட்டுப் பட்டுக் கருத்திருந்த மேல்தோல் அந்தத் தேய்ப்பில் போய்விட்டது. அதை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மூடியின் அடிப்பக்கத்தில் மட்டும் பழைய அரக்கு பாலிஷ் மிச்சமிருந்தது.

மரம் தேக்கு, அதில் சந்தேகமில்லை. ஓரத்தில் நகத்தால் கீறினால் தோல் வாசனையும் எண்ணெய்ப் பிசுக்கும் தெரிந்தது. இங்கே பிடவுக் என்று சொல்கிற வேங்கை வகையாக இருந்தால் இன்னும் கனமாக, சிவப்பாக இருந்திருக்கும். மூலைகளில் கையால் வெட்டிய புறாவால் பொருத்து, அதாவது புறாவின் வால்போல விரிந்த பற்களைக் கோத்துச் சேர்த்த பொருத்து. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு அகலம். பலகையின் உள்பக்கத்தில் இரண்டு பேர் மேலும் கீழும் நின்று இழுத்த பெருவாளின் தடம், நேர்கோடாக, இடைவெளி சீரில்லாமல் இருந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு, "1890 வாக்கில் செய்திருப்பார்கள் போல, நூறு தாண்டியிருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதுதான் என் தவறு. அந்த வார்த்தை அன்று சாயங்காலத்துக்குள் தரகரின் காதுக்குப் போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பி யோசித்தபோதுதான் உறுத்தியது. கையால் அறுத்த தடம் இருந்தால் பழசு, வட்டவாளின் வளைந்த தடம் இருந்தால் புதுசு என்பது மேல்நாட்டுச் சாமான்களுக்குச் சொல்லும் கணக்கு. பர்மாவுக்கு அது பொருந்தாது. மோல்மீனில் நீராவி மரவாடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓடின. அதே சமயம் இருபதாம் நூற்றாண்டு பிறந்து வெகுகாலம் ஆன பிறகும் கையறுப்புக்காரர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அதனால் இங்கே வாள் தடம் வயதைச் சொல்லாது. புறாவால் பொருத்தும் அப்படித்தான். என் ஆசிரியர் 1980களில்கூடக் கையால்தான் வெட்டினார்.

இரண்டாம் முறை: புரட்டிப் பார்த்தது

நான்கு நாள் கழித்து மறுபடி போனேன். இந்த முறை எதுவும் பேசுவதில்லை என்ற முடிவோடு போனேன். நோட்டில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டேன். வீட்டார் சொல்வது ஒன்றில், சாமானில் கண்ணால் பார்ப்பது இன்னொன்றில், என் ஊகம் மூன்றாவதில். எதையும் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். அப்புறம் தம்பிகள் இரண்டு பேர் பிடிக்க, மேசையைப் போர்வை மேல் தலைகீழாகக் கவிழ்த்தோம்.

கால்கள் முதலில் பேசின. அவற்றைப் பிடித்திருந்தவை கூட்டல் குறி வெட்டிய ஸ்குருகள். அந்த வகை 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. கால்களுக்குப் பக்கத்தில், அடிப்பலகையின் நான்கு மூலையிலும் சின்னச் சின்ன மரக்கட்டை ஒட்டியிருந்த வெளிறிய தடம் இருந்தது. அடிவிளிம்பு முழுக்கத் தரையில் இழுபட்டு மழுங்கியிருந்தது. ஆக இது தரையில் வைத்து எழுதிய மேசை, கால்கள் பிறகு வந்தவை. "அப்பாதான் நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது கால் வைத்தார்" என்று அக்காவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அது 1960களின் கடைசி.

அடுத்தது கீல். அதன் ஸ்குருகள் ஒற்றை வெட்டுள்ளவை, நுனி கூராக இருந்தது. கூர்நுனி ஸ்குரு 1850களுக்குப் பிறகுதான் பரவலானது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஸ்குரு செய்த நெட்டில்ஃபோல்ட் அதற்கான அமெரிக்க உரிமையை வாங்கியது 1854இல். அதற்கு முந்தைய ஸ்குருகளுக்கு நுனி மொட்டையாக இருக்கும். சரி, இதனால் 1850க்கு முந்தையது இல்லை என்று மட்டும் தெரிந்தது. அது பெரிய உதவி இல்லை.

பூட்டைக் கழற்றியபோதுதான் கட்டம் இறுகியது. பித்தளைத் தகட்டின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மேட் இன் ஜெர்மனி' என்று அடித்திருந்தது. பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் ஜெர்மன் சரக்குகள் அந்த முத்திரையோடு வரத் தொடங்கின. ஆனால் பூட்டு பின்னால் மாட்டியதாக இருந்தால் இந்தச் சான்றுக்கு மதிப்பே இல்லை. அதனால் பூட்டு உட்கார்ந்திருந்த பள்ளத்தை வெகுநேரம் பார்த்தேன். உளி வெட்டு தகட்டின் அளவுக்கு ஒட்டி இருந்தது. பழைய பூட்டின் நிழல் இல்லை. அடைத்த துளை இல்லை. ஒவ்வொரு ஸ்குருவுக்கும் ஒரே துளை. பள்ளத்துக்குள் மரத்தின் நிறமும் சுற்றியுள்ள நிறமும் ஒரே மாதிரி வயதாகியிருந்தன. ஆக இது மேசையோடு பிறந்த பூட்டு.

ஒரு சாமானில் பின்னால் சேர்க்காத பாகங்களில் எது மிகப் புதியதோ, அதற்கு முந்தைய வயதை அந்தச் சாமானுக்குச் சொல்ல முடியாது. இங்கே அது பூட்டு. 1887க்கு முன் என்ற பேச்சுக்கே இடமில்லை. தாத்தாவின் நூற்றைம்பது அங்கேயே முடிந்தது.

எழுத்து

மேசையின் உள்ளே இடது ஓரத்தில் மூன்று சிறிய இழுப்பறைகள். அவற்றை வெளியே இழுத்துவிட்டு உள்ளே விரல் விட்டுத் தடவினால் ஒரு மெல்லிய பலகை அசைந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் கீழே இன்னொரு குழி. இப்படி ஒரு கள்ள அறை இந்த வகை மேசைகளில் சாதாரணம். உள்ளே பணம் எதுவும் இல்லை. டார்ச்சை நேராக அடித்தபோது வெறும் பலகைதான் தெரிந்தது. டார்ச்சைப் பலகையோடு படுக்க வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விட்டபோது கீறல்கள் எழுந்து நின்றன. எழுத்தாணி மாதிரி கூரான எதையோ கொண்டு கீறி, ஓலையில் செய்வதுபோல மேலே மை தடவியிருந்தார்கள்.

முதல் வரியில் விலாசத்தின், அதாவது செட்டியார் கடையின் வணிகப் பெயரின், தலைப்பெழுத்துகள். அவற்றை இங்கே எழுதவில்லை. இரண்டாம் வரி இப்படி இருந்தது: துன்… ௵ தை௴ ௭ வெள்ளி.

௵ என்பது வருஷம், ௴ என்பது மாதம். பழைய கணக்கேடுகளில் புரண்டவர்களுக்கு இது புதிதல்ல. அக்காவின் மகன் எட்டிப் பார்த்து, "மாமா, 'எ' என்று போட்டிருக்கே, யாரோட இனிஷியல்?" என்று கேட்டான். அது எ இல்லை, தமிழ் எண் ஏழு. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'வெள்ளி'யின் கடைசி எழுத்து பக்கத்துத் தடுப்புப் பலகைக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. தடுப்பு பசை போட்டுப் பொருத்தியது, ஒருபோதும் பிரித்த அடையாளம் இல்லை. ஆகவே தடுப்பைப் பொருத்துவதற்கு முன்னால், மேசை பாதி வேலையில் இருக்கும்போதே எழுதியிருக்கிறார்கள். பின்னால் யாரோ வாங்கிய நாளையோ சும்மா ஒரு நாளையோ எழுதிவைத்தது என்று சொல்ல முடியாது. பூட்டைவிட இது பெரிய சான்று.

ஆனால் வருஷத்தின் பெயர் பாதிதான் இருந்தது. அப்பா கால் வைத்தபோது கீழிருந்து முறுக்கிய ஒரு ஸ்குருவின் நுனி சரியாக அந்த எழுத்தில் மேலே வந்து மரத்தைச் சிலும்பச் செய்திருந்தது. 'துன்' தெளிவு. அடுத்து ம அல்லது மு, கீழ்ப்பாதி போய்விட்டது. கடைசியில் இகரக் கொக்கி மட்டும். தியா, கியா, சொல்ல முடியாது.

துன்மதியா, துன்முகியா?

அறுபது வருஷச் சுற்றில் துன்முகி முப்பதாவது, துன்மதி ஐம்பத்தைந்தாவது. துன்மதி என்றால் 1861-62 அல்லது 1921-22. துன்முகி என்றால் 1896-97 அல்லது 1956-57. பூட்டு 1861ஐ அடித்துவிட்டது. செட்டியார் குண்டு விழுந்தபோது விட்டுப்போன மேசை என்ற கதையை நம்பினால் 1956ம் போகும். ஆனால் அந்தக் கதைக்கு எழுத்துச் சான்று இல்லையே, அதனால் அதை மட்டும் வைத்து 1956ஐத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. மிச்சம் மூன்று, 1896, 1921, 1956. அவற்றில் முக்கியமான போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள 25 வருஷ வித்தியாசம் வெறும் ஆராய்ச்சி விஷயம் இல்லை. மியன்மாரின் 2015ஆம் ஆண்டுத் தொல்பொருள் பாதுகாப்புச் சட்டத்தின்படி நூறு வருஷம் கடந்தது தொல்பொருள். அனுமதி இல்லாமல் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 1896 என்றால் மேசை அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. 1921-22இன் தை, அதாவது 1922 ஜனவரி, என்றால் 2019இல் அதற்கு 97 வயதுதான். தரகர் கேட்டதோ கையெழுத்துக் காகிதத்தில் நூற்றைம்பது என்றும், கப்பல் சீட்டில் வெறும் 'பழைய மேசை' என்றும் எழுத. இரண்டும் ஒரே சாமானுக்கு எப்படிப் பொருந்தும் என்று அக்காவே கேட்டார்.

தீர்த்து வைத்தது கிழமை. கோயில் குருக்கள் ஒருவரோடு உட்கார்ந்து பஞ்சாங்கக் கணக்குப் போட்டேன். பிறகு கிழமையை நானே தனியாகப் பின்னோக்கி எண்ணிச் சரிபார்த்தேன்.

துன்முகி, தை 7: 1897 ஜனவரி 18, திங்கள்.
துன்மதி, தை 7: 1922 ஜனவரி 20, வெள்ளி.
அடுத்த துன்முகி, தை 7: 1957 ஜனவரி 20, ஞாயிறு.

பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் ஒரு நாள் முன்பின் ஆகலாம். திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவே மூன்று நாள் இடைவெளி இருப்பதால் அந்தச் சந்தேகம் இங்கே எழவில்லை. 1957க்கு வருவது ஞாயிறு என்பதால் அதையும் கதையின் துணை இல்லாமலே தள்ள முடிந்தது. மேசை துன்மதி வருஷத்துத் தை மாதம், 1922 ஜனவரியில் செய்தது.

ஊரிலிருந்து கப்பலில் வந்ததா, இங்கேயே செய்ததா? பர்மாத் தேக்கு செட்டிநாட்டுக்குப் போய் வீடாகவும் சாமானாகவும் ஆனது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மரத்தை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது. காகிதத்தில் 'செய்த இடம் தீர்மானிக்கப்படவில்லை' என்றே எழுதினேன்.

விலை

மூத்த அக்கா மேசையை வைத்துக்கொள்ள விரும்பினார். தம்பி இருவருக்கும் விற்றுவிட ஆசை. ஆகவே நான் சொல்ல வேண்டியது பங்கு பிரிக்கத் தகுந்த விலை. அவசரத்துக்கு விற்கும் விலை வேறு, கடைக்காரர் தன் லாபத்தையும் சேர்த்து வைக்கும் விலை வேறு. விற்கிறவருக்கும் அவசரமில்லை, வாங்குகிறவருக்கும் விஷயம் தெரியும் என்றால் எது கைமாறுமோ அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வருஷத்தில் யாங்கூனில் என் கண்ணெதிரே கைமாறிய இதே வகை மேசைகள் மூன்று. மூன்றும் மூன்று முதல் ஐந்து லட்சத்துக்குள் போயின. எதிலும் தேதி இல்லை. இதில் தேதியும் விலாசமும் இருந்ததால் விலையைக் கூட்டினேன். மூடியின் பழைய தோல் போனதற்கு ஐந்தில் ஒரு பங்கு குறைத்தேன். கால் வைத்த துளைகளுக்குச் சிறிது குறைத்தேன். அடிப்பலகையில் காய்ந்து சுருங்கி விட்ட இரண்டு நூல் (கால் அங்குல) இடைவெளிக்கு எதுவும் குறைக்கவில்லை. தேக்குப் பலகை குறுக்குவாட்டில் அந்த அளவு சுருங்குவது இயல்பு, அது இருப்பதுதான் நல்ல அடையாளம். கடைசியில் நாலரை லட்சம் என்று எழுதினேன்.

நடந்தது

தரகரிடம் காகிதத்தின் நகலைக் கொடுத்தார்கள். அதிலிருந்த 1922ஐப் பார்த்ததும் 12 லட்சம் 3 லட்சமாகிவிட்டது. தம்பிகளில் ஒருவருக்கு என் மேல் வருத்தம். "1896 என்றே போட்டிருக்கலாமே அண்ணே, எழுத்துதான் அழிந்திருக்கிறதே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் தேடினேன், கிடைக்கவில்லை. எழுத்து அழிந்திருந்தாலும் கிழமை அழியவில்லை என்று சொன்னேன். அவரை உட்கார வைத்து அதே டார்ச்சால் அதே கோணத்தில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் விலையைப் பற்றி அவர் பேசவில்லை.

அக்கா தம்பிகள் இருவருக்கும் தலைக்கு ஒன்றரை லட்சம் கொடுத்து மேசையை எடுத்துக்கொண்டார்.

கால்களைக் கழற்றினோம். அவை அப்பா கையால் வைத்தவை என்பதால் தூக்கிப் போடவில்லை. துணியில் சுற்றிச் சீட்டு ஒட்டிப் பரண் மேல் வைத்தோம். ஸ்குருத் துளைகளை அடைக்கவில்லை. மூடியின் வார்னிஷை உரித்துவிட்டு மறுபடி அரக்கு பாலிஷ் போடலாமா என்று பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். உரிக்கும்போது இன்னும் ஒரு அடுக்கு மரம் போகும், கிடைப்பது பழசுபோலத் தோன்றும் புதுசு. எழுத்து உள்ள கள்ள அறையில் எண்ணெய், மெழுகு எதுவும் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லி வைத்தேன். தரையில் பாய் விரித்து மேசையை வைத்தபோது அக்காவின் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். எழுதும் உயரம் சரியாக இருந்தது.

இப்போது செய்தால்

முதல் நாள் வாயைத் திறக்க மாட்டேன். ஒரு வருஷத்தைச் சொல்லிவிட்டால் அது வீட்டாரின் ஆசையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு சான்று வந்தாலும் பிய்ப்பது கஷ்டம். மேசையைக் கவிழ்த்துப் பார்ப்பதற்கு முன் வயதைப் பற்றி ஒரு சொல் இல்லை என்று இப்போது வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூப்பிடும்போதே தொலைபேசியில், "துடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், இழுப்பறையில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக்கூடக் கிழிக்காதீர்கள்" என்று சொல்வதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். அந்தப் பையன் மூன்று மாதம் முன்பு யாரையாவது கேட்டிருந்தால் மூடி தப்பியிருக்கும்.

விலாசத்தின் வாரிசுகள் யாராவது இருக்கிறார்களா என்று அப்போது நான் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும். பாக்கிச் சம்பளத்துக்கு ஈடு என்ற கதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை கிடைத்திருந்தால் மூன்று கட்டத்தில் முதல் கட்டம் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

2022 தை 7 அன்று அக்காவுக்குப் போன் செய்தேன். ஆங்கிலத் தேதியும் அதே ஜனவரி 20. மேசைக்கு அன்றோடு நூறு நிறைந்தது. மூடியில் பொட்டு வைத்து விளக்கேற்றியிருப்பதாகச் சொன்னார். இனிமேல் சட்டப்படி இது தொல்பொருள், எல்லை தாண்டுவதானால் அனுமதி வேண்டும் என்றேன். என் பழைய காகிதத்தின் அடியில் அதையும் ஒரு வரி சேர்த்து எழுதி, மறுவாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கள்ள அறையில் வைத்திருக்கிறார்.